சூடு ஆறாத பெயர்

சாரல் பிடித்துக்கொண்ட ஓர் ஆனி மாதத்தில்தான் மலையடிப்புதூரில் எழுத்துகளுக்கு உடம்புச் சூடு வந்தது, அதை முதலில் தெரிந்துகொண்டவை பூனைகள். மேற்கே மலை தெரியாதபடி மேகம் இறங்கி, துவைத்த துணி காயாமல், தீக்குச்சி உரசினால் பற்றாமல், ஊரே கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நடந்த அந்த நாட்களில், பஜாரில் என் கடைக்கு எதிரே சாத்தியிருந்த காதணி விழா பிளக்ஸின் கீழ்வரியில், தாய்மாமன் பெயரோடு முதுகை ஒட்டிக்கொண்டு மூன்று பூனைகள் தூங்கின. டீக்கடை மீரான் பாய் அவற்றை விரட்டப் போனவர், குனிந்து, உள்ளங்கையை அந்த எழுத்தின்மேல் வைத்து, வைத்த கையை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இந்த மாமனுக்குக் காய்ச்சல் அடிக்கி."

நான் போய்த் தொட்டேன். அது வெயிலில் கிடந்த தகரத்தின் சூடு அல்ல, அடுப்பின் சூடும் அல்ல, தூங்கி எழுந்த பிள்ளையின் கழுத்தில் இருக்கும் சூடு. எழுத்துக்கு வெளியே மஞ்சள் பின்னணி சாரலில் நனைந்து சில்லென்று இருந்தது. விரலை நகர்த்திக்கொண்டே போனால் குளிர் முடிந்து உடம்பு தொடங்குகிற ஓரம் தெளிவாகத் தெரிந்தது.

அந்த பிளக்ஸை அடித்தது நான்தான். எங்கள் ஊரில் பெயர் வைப்பதிலிருந்து பெயர் போவதுவரை எல்லாம் என் கடையில்தான் அச்சாகும், அந்த எழுத்துரு வந்த நாளிலிருந்து எல்லாம் அதே எழுத்துருவில்தான் அச்சாகும். அதற்குக் குண்டுமல்லி என்று பெயர். சிவகாசியிலிருந்து வந்த ஒருவர் என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனார், யார் வரைந்தது என்று அவருக்கும் தெரியாது. தடித்த எழுத்து, எங்கும் ஒரு கூர் கிடையாது, ககரத்தின் முனைகூட சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல் மழுங்கி உருண்டிருக்கும், மலைப்பாதையில் இறங்குகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து படிக்கலாம். எதை அதில் போட்டாலும் விருந்துக்கு அழைப்பதுபோல் ஆகிவிடும். பள்ளிக்கூடத்துச் சுவருக்காக 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று ஒருமுறை போட்டுக் கொடுத்தேன், அதற்கு முன்பு அங்கே போகாதவர்களும் போக ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், கடை திறப்புக்கும் அதுதான், கண்ணீர் அஞ்சலிக்கும் அதுதான். சாவுக்காவது மெலிந்த எழுத்தாகப் போடலாமே என்று நான் சொன்னால், "எங்க அப்பா என்ன கொறச்சலாவா வாழ்ந்தாரு?" என்று கேட்பார்கள். மூலையே இல்லாத ஒன்றை நம்பக் கூடாது என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் எதைப் பார்த்தாலும் எனக்குள் அது அப்படித்தான் சொல்லும் என்பதால், அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். லைன்மேன் வந்து பிளக்ஸின் பின்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்து, "கள்ளத்தனமா வயர் ஏதும் இழுத்திருக்கியளோ?" என்று கேட்டுவிட்டு, வயர் இல்லை என்பதால் இன்னும் சந்தேகத்தோடு போனார். மெடிக்கல் ஸ்டோரிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து ஒரு எழுத்தின்மேல் அழுத்திப் பிடித்தார்கள். பாதரசம் அசையவில்லை. கையை வைத்தால் சுட்டது. தெர்மாமீட்டரைத்தான் தூக்கிப் போட்டார்கள்.

பிறகு, எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. சாரல் காலத்தில் எங்கள் பக்கம் இட்லி மாவு பொங்காது. பெண்கள் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து பஜாரில் யார் வீட்டுக் கல்யாண பிளக்ஸுக்கோ முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, சட்டி மாறாமல் இருக்க மூடியில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டினார்கள். அடைக்கோழியை எம்.எல்.ஏ. பெயருக்குக் கீழே உட்காரவைத்தவர்களும் உண்டு, குஞ்சு பொரித்தது. இடுப்பு வலிக்காரர்கள் சாயங்காலமானால் வந்து 'வருக வருக' என்பதில் சாய்ந்து நின்றார்கள், அதில் கட்சி பேதம் பார்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஒரு சாரைப் பாம்பு பூப்புனித நீராட்டு விழாவின் 'பூ' என்ற எழுத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தபோதுகூட, அதை அடிக்காமல், "சாரல் விட்டா அதுவே போயிரும்" என்றார்கள்.

அப்புறம்தான் அந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். ரைஸ் மில்காரர் இறந்தபோது வைத்த அஞ்சலி பிளக்ஸ், பக்கத்திலிருந்த நிச்சயதார்த்த பிளக்ஸ் கணகணவென்று இருந்தும், கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்து நின்றது. கொஞ்ச நாளில், அந்த நிச்சயதார்த்த பிளக்ஸில் பெயர் இருந்த ஒரு பெரியப்பா மாரடைப்பில் போக, வரிசையில் அவர் பெயர் மட்டும் ஆறிவிட்டதை மாவுச்சட்டி வைக்க வந்த ஒருத்தி கண்டுபிடித்தாள். இது போதும் என்று ஊர் முடிவு செய்தது. இருக்கிறவன் பெயர் சுடும், செத்தவன் பெயர் ஆறும். எனக்கும் அது சரியென்றே பட்டது, சரியென்று உடனே பட்டதாலேயே எனக்குச் சந்தேகமாகவும் இருந்தது. ஆனால் வளைகுடாவில் புருஷன் இருக்கும் பெண்கள், கையகல பிளக்ஸில் அவன் பெயரை அடித்து வாங்கிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒட்டி, காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு வாசல் தெளிக்கப் போனார்கள். அவர்களிடம் போய் என் சந்தேகத்தைச் சொல்ல முடியுமா?

ஆடி மழையில், புனலூருக்கு வாழைத்தார் ஏற்றிப்போன சிவனணைந்தானின் லாரி மலைப்பாதை வளைவில் ஆற்றுக்குள் இறங்கியது. லாரி கிடைத்தது, கதவு திறந்திருந்தது, ஒரு செருப்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தேடித் தேடி ஓய்ந்தபிறகு வைக்கோலில் ஓர் உடம்பு கட்டி எரித்துக் கருமாதி செய்தார்கள். சிவனணைந்தானுக்குப் பிள்ளை இல்லை. மனைவி உலகம்மை இருந்தாள், தம்பி சங்கிலி இருந்தான், தம்பி மனைவி முப்பிடாதி இருந்தாள்.

பிளக்ஸ் போட வந்தது சங்கிலி. அண்ணன் போட்டோவுக்குப் பின்னால் மேகம் வேண்டும் என்றான். பெயர், பஸ்ஸில் போகிறவனும் படிக்கிற அளவுக்கு வேண்டும் என்றான்.

"கீழ?" என்று கேட்டேன்.

"எம் பேரு, சித்தப்பா பேரு, லாரி சங்கம், பிறகு நண்பர்கள்னு பொதுவா போட்டுருங்க."

"உலகம்மை பேரு?"

"ஆமா, மைனி இருக்குல்லா. கடேசியில சின்னதா போட்டாப் போதும்."

கடைசியில், தரையை ஒட்டிய வரியில், 'மனைவி உலகம்மை' என்று சின்னதாகப் போட்டேன். அதே குண்டுமல்லிதான். பின்னாளில் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அதே எழுத்துருதான்.

தெருமுக்கில் அடிகுழாய் பக்கம் அதை நட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் அடிக்க வந்த முப்பிடாதி, குடத்தை இடுப்பில் ஏற்றத் தடுமாறிப் பிளக்ஸில் கையை ஊன்றியவள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அத்தான் பேரு சுடுதுங்க."

அவ்வளவுதான், ஊர் திரண்டது. சிவனணைந்தான் உயிரோடு இருக்கிறான் என்று முதலில் சந்தோஷப்பட்டார்கள், அந்தச் சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடுவரை தாங்கியது. மறுநாள் விடிந்ததும், உயிரோடு இருப்பவன் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கேரளாவில் இன்னொரு குடும்பம் இருக்கும் என்றது ஒரு கூட்டம். லாரியைத் தள்ளிவிட்டதே அவன்தான் என்றது இன்னொன்று. இவள் வாய்க்குப் பயந்து போயிருப்பான் என்றவர்கள், உலகம்மை அதிகம் பேசாதவள் என்பது நினைவுக்கு வந்ததும், பேசாததற்குப் பயந்து போயிருப்பான் என்று மாற்றிக்கொண்டார்கள். விவரம் கேள்விப்பட்டு வந்த போலீஸ்காரர் சிரித்தார், தொட்டுப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டு அடிகுழாயில் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

உலகம்மை அதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சங்கரன்கோவிலில் அவள் அக்கா இருந்தாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்து மாவுக் கடை போடுவதாகப் பேச்சு, கிரைண்டர்கூட வந்து சாக்கு கட்டியபடி வீட்டுக்குள் நின்றது. கருமாதி முடிந்ததும் கிளம்ப வேண்டியவள். சங்கிலி விடவில்லை.

"அண்ணன் உசுரோட இருக்கையில நீங்க வீட்டப் பூட்டிட்டுப் போனா, நாளைக்கு வந்து நிக்கிறவனுக்கு நான் என்ன மைனி பதில் சொல்ல?"

"அப்போ கருமாதி எதுக்குச் செஞ்சிய?"

"அது தெரியாம செஞ்சது."

அவளால் போகவும் முடியாது, இருந்தாலும் ஒழுங்காக இருக்க முடியாது. உயிரோடு இருப்பவன் பெண்டாட்டி பொட்டு வைக்காமல் இருக்கக் கூடாது, செத்தவன் பெண்டாட்டி வைக்கக் கூடாது. ஆகவே தினமும் காலையில் சங்கிலி தெருமுக்குக்குப் போய் அண்ணன் பெயரில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், அதன்படி அவள் வைப்பாள், அல்லது அழிப்பாள். மழை கூடுதலாகப் பெய்து எழுத்து வெதுவெதுப்பாக மட்டும் இருந்த ஒரு காலையில், என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, விபூதி மட்டும் வைக்கச் சொன்னார்கள். வளைகாப்பு வீட்டுக்காரர்கள் அவளை அழைக்கலாமா என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள். அவள் கேட்டு நடந்துகொண்டாள். நான் கடையைத் திறக்கப் போகும்போது, வாசலில் பொட்டுக்காகக் காத்துக்கொண்டு அவள் நெற்றியைத் துடைத்தபடி நிற்பதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தெருமுக்கில் நின்று நானும் அந்தப் பெயரைத் தொடுவேன். ஏன் தொட்டேன்? அவளுக்காகவா, சிவனணைந்தானுக்காகவா, அச்சடித்தவன் என்ற உரிமையிலா? ஊரில் எல்லாருக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. பால்காரர் தொட்டார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனார்கள், மீரான் பாய் கடையில் டீ குடித்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடியே நடந்துவந்து தொட்டார்கள். சிவனணைந்தான் என்ற பெயரின் மேல் சிவப்பு மை மங்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கோவில் தூண் மாதிரி மினுங்கியது.

புரட்டாசி பிறந்த சமயம் உலகம்மை என் கடைக்கு வந்தாள். அன்றைய முடிவு இன்னும் வரவில்லைபோல, நெற்றி வெறுமையாக இருந்தது.

"அண்ணாச்சி, அந்த பிளக்ஸ எடுத்துருங்க."

"போடச் சொன்னது சங்கிலி. அவன் சொல்லாம நான் எப்படிம்மா எடுக்க?"

"அதுல எம் பேரும் இருக்குல்லா?"

"இருக்கு. கடேசி வரியில."

"நீங்க தெனம் தொட்டுப் பாக்கியளே, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைக்காவது அதத் தொட்டுப் பாத்தியளா?"

கடைசி வரி முழங்காலுக்கும் கீழே இருந்தது, குனிய வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவள் காத்திருக்காமல் இறங்கி நடந்தாள், நான் பின்னாலேயே போனேன்.

தெருமுக்கில் வழக்கமான காலைக் கூட்டம் நின்றது. சங்கிலி உள்ளங்கையை அண்ணன் பெயரில் பதித்து, கண்ணை மூடி, நாடி பார்க்கிறவன்போல நின்றுகொண்டிருந்தான்.

"இன்னைக்கு நல்லாவே இருக்கு" என்றான். "மைனி, பொட்டு வச்சுக்கிடலாம்."

"கையை எடுங்க, கொழுந்தனாரே."

"என்ன மைனி?"

"கையை எடுங்கன்னேன்."

அவன் எடுத்தான். அவள் பிளக்ஸின் அடியில் குந்தி உட்கார்ந்து, கடைசி வரியில் தெறித்திருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். அடிகுழாய்த் தண்ணீரும் லாரிச் சேறும் பட்டுப் பட்டு அந்த வரி இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. துடைக்கத் துடைக்க, உருண்டை உருண்டையாக அவள் பெயர் வந்தது.

"இதத் தொடுங்க. யாராவது."

யாரும் அசையவில்லை. முப்பிடாதிதான், குடத்தை வைத்துவிட்டு, குனிந்து தொட்டாள். தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னட்டீ?" என்றான் சங்கிலி.

"ஐஸு மாதிரி இருக்கு."

நானும் தொட்டேன். ரைஸ் மில்காரர் பெயர் இப்படித்தான் இருந்தது. கிணற்றுக்குள் இறங்கி, வெயில் எட்டாத கல்லைத் தொட்டால் இப்படித்தான் இருக்கும். கூட்டத்தில் ஒவ்வொருவராக, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டு, குந்தியிருந்தவளின் காலைப் பார்த்தார்கள். தரையில் பாவுகிறதா என்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து நின்று, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"பாத்துக்கிடுங்க. ரெண்டும் தரையிலதான் நிக்கி. சேறுகூட ஒட்டியிருக்கு."

"அப்போ எழுத்து பொய் சொல்லுதுங்கியளா மைனி?" சங்கிலியின் குரல் தணிந்திருந்தது.

"எழுத்து எங்க சொல்லுச்சு? நீங்கதான தெனம் வந்து சொன்னிய." அவள் சேலையை இறக்கிவிட்டாள். "விடிஞ்சா ஊரே வந்து அவரு பேரத் தொடுது. அம்புட்டும் டீ கிளாஸப் பிடிச்ச கை. எம் பேரத் தொட ஒரு கை குனியல. பிறகு எது சுடும், எது ஆறும்?"

மீரான் பாய் மட்டும், "அதுவும் நியாயந்தான்" என்றார். தன் டீயைக் குறை சொல்கிறாளோ என்ற யோசனை அவர் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது.

அன்று மத்தியானமே உலகம்மை கிளம்பினாள். கிரைண்டரைச் சாக்கோடு பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினார்கள். பொட்டு வைத்திருந்தாள், யாரைக் கேட்டு வைத்தாள் என்று தெரியவில்லை. அவளை யாரும் தடுக்கவில்லை. ஊர் வகுத்த விதியை நம்பியவர்களுக்கு, பெயர் ஆறிப்போன ஒருத்தியை வழிமறிக்கத் தைரியம் இல்லை. அந்த விதியில் நம்பிக்கை போனவர்களுக்குத் தடுக்கக் காரணம் இல்லை. சங்கிலி இரண்டில் எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாததால், பஸ் கண்டக்டரிடம், "கிரைண்டர் பத்திரம்" என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு சிவனணைந்தான் பெயரை யாரும் தொடவில்லை. தொட்டுச் சூடாக இருந்தால் ஒரு சங்கடம், ஆறியிருந்தால் இன்னொரு சங்கடம். கையைக் கட்டிக்கொண்டு அந்த முக்கைத் தாண்டினோம். ஆகவே அவன் இருக்கிறானா இல்லையா என்று மலையடிப்புதூருக்கு இன்றுவரை தெரியாது. ஐப்பசிக் காற்றில் பிளக்ஸ் சாய்ந்தபோது, சங்கிலி ஒரு கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து, எழுத்தில் விரல் படாமல் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

கார்த்திகையில் உலகம்மை போன் செய்தாள்.

"அண்ணாச்சி, கடைக்கு ஒரு போர்டு வேணும். 'உலகம்மை மாவுக் கடை'. வேற ஒண்ணும் வேண்டாம், மேகம் கீகம் போட்டுராதிய."

"எந்த எழுத்துலம்மா? நல்ல மெலிசா, கூரா ஒண்ணு புதுசா வந்திருக்கு."

"அதே எழுத்துல போடுங்க. பெருசாப் போடுங்க."

போட்டேன். அதுவரை எந்தப் பெயரையும் அவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. ஆள் மூலம் கொடுத்தனுப்பலாம்தான், ஆனால் நானே கொண்டுபோனேன். பஸ்ஸில் கூட்டம், நிற்கத்தான் இடம் கிடைத்தது, சுருட்டிய பிளக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஏறும்போது குளிர்ந்துதான் இருந்தது. மலை பின்னால் போய், தூறல் விட்டு, கரிசல் தொடங்குகிற இடத்தில் விலாப்பக்கம் இளஞ்சூடாக ஏதோ தெரிந்தது. என் சூடா, அவள் பெயரின் சூடா என்று யோசித்தேன். கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தேன், அப்போது கைச்சூடு வந்துவிட்டது. அந்த யோசனையிலேயே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தேன்.

கடை வாசலில் ஆணி ஏற்கனவே அடித்துத் தயாராக இருந்தது. அவளும் அக்காவும் ஸ்டூல் போட்டு ஏறி, பிளக்ஸின் ஓரத்தை மட்டும் பிடித்து மாட்டினார்கள். அதற்கு நேர் கீழே, பலகைமேல், முதல் நாள் மாலை ஆட்டிய மாவுப் பானைகள் இருந்தன.

"தொட்டுப் பாக்கலயாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"இல்ல, சும்மா. இப்ப எப்படி இருக்குன்னு."

"மாவு பொங்குதுல்லா, அண்ணாச்சி. அது போதும்." பானையின் மூடியைத் தொட்டுக் காட்டினாள். மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது, வெள்ளை மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை விரலால் வழித்துப் பானையிலேயே போட்டாள்.

சங்கரன்கோவில் வெயிலில் எந்த மாவும் பொங்கும், அதற்கு எழுத்து வேண்டியதில்லை, போர்டு மாட்டும் முன்பே அது பொங்கித்தானே இருந்தது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வாங்க வந்தவர்கள் நிற்க ஆரம்பித்திருந்தார்கள், அவள் கரண்டியை எடுத்துவிட்டாள். தலைக்கு மேலே அவள் பெயர் வெயிலில் தடித்து உருண்டு நின்றது, கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில்தான் இருந்தது. நான் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, அந்த வெயிலில், பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.